பிள்ளைகள் கையில் இருக்க, தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி: டி.எல்.எட்.டா, பி.எட்.டா, தனியார் பள்ளியா?

"டீச்சர் வேலைதான் பெண்களுக்குத் தோது. பி.எட். சேர்ந்துவிடு. பிள்ளைகளுக்கு லீவு என்றால் உனக்கும் லீவு." தமிழ்நாட்டில் கைப்பிள்ளையோடு இருந்துகொண்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பெண்கள் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்துவதே உங்கள் ஆசை என்றால், அந்த அறிவுரையின் முதல் அடியே பிசகுகிறது. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று 2018 ஜூன் 28 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. அந்த அறிவிப்பு செல்லாது என்பதை 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பது தனிக் கலை, பி.எட். பாடத்திட்டம் அதற்காக அமைந்ததல்ல என்பதே அதன் சாரம். ஆகவே தொடக்கப் பள்ளிக்கு டி.எல்.எட். (இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம், பழைய பெயரில் டி.டி.எட்.), ஆறாம் வகுப்புக்கு மேல் பி.எட். இந்தக் கோட்டைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு ஆண்டையும் கட்டணத்தையும் தவறான படிப்பில் போட்டவர்கள் நிறையப் பேர்.

அடுத்து வயது. இதில் பெரிய குழப்பம் இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கான நேரடி நியமன வயது வரம்பு பொதுப்பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தப்பட்டுவிட்டது. இந்தச் செய்தியைப் படித்தவர்கள் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த 53ம் 58ம் வேலைக்குத்தான். டி.எல்.எட். சேர்க்கைக்குத் தனி வரம்பு உண்டு. அது முப்பதை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆதரவற்ற கைம்பெண்கள் போன்றோருக்கு மட்டும் தளர்வு. பி.எட்.டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. 28 வயதில் இருப்பவர் "சின்னவன் ஒண்ணாம் வகுப்பு போகட்டும்" என்று மூன்றாண்டு பொறுத்தால், டி.எல்.எட். கதவு அடைபட்டிருக்கும், பி.எட். கதவு திறந்தே இருக்கும். ஆகவே எதை ஒப்பிடுவதற்கும் முன்னால், அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பை எடுத்து உங்கள் பிறந்த தேதியைப் பொருத்திப் பாருங்கள். டி.எல்.எட்.டுக்குப் பார்ப்பது பிளஸ் டூ மதிப்பெண்ணை. அதில் 50 விழுக்காடு வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நீங்கள் எம்.ஏ. முடித்திருந்தாலும் பிளஸ் டூ பட்டியல்தான் பேசும்.

இனி அந்த இரண்டு ஆண்டு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். குடும்பங்கள் அதிகம் தவறாகக் கணக்குப் போடும் இடம் இதுதான்.

டி.எல்.எட்., பி.எட். இரண்டுமே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள். தேர்வு நாளும் சேர்க்கை நாளும் இதில் சேராது. வாரத்துக்கு 36 மணி நேரம். வருகைப் பதிவு வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சிக்கு 90 விழுக்காடு. பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 16 வாரம் என்பது 80 நாள். பத்து விழுக்காடு என்றால் எட்டு நாள்தான் விட்டுக்கொடுக்க முடியும். இந்தப் பயிற்சி ஜூலை முதல் டிசம்பர் வரை எப்போது வந்தாலும் அந்த எட்டு நாள்தான்.

இதை வீட்டு நிலவரத்தோடு வைத்துப் பாருங்கள். மூத்த பிள்ளைக்கு அம்மை போட்டால், தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை ஒரு வாரமாவது ஆகும். சின்னம்மையின் கிருமி உடலில் தங்கி வெளிப்பட 10 முதல் 21 நாள் எடுக்கும். அதனால் இளைய பிள்ளைக்கு அன்றே வராது, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, நீங்கள் மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வரும். எட்டு நாள் அங்கேயே கரைந்துவிடும். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. பயிற்சி தொடங்குமுன் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது இந்தப் படிப்புக்கான செலவுகளில் ஒன்று என்றே எண்ணுங்கள். பயிற்சி எந்த மாதத்தில் என்பதைச் சேரும்போதே கேட்டு, அந்த நான்கு மாதத்துக்கு மட்டும் மாமியாரோ அம்மாவோ வந்து தங்க ஏற்பாடு செய்ய முடிந்தால், இரண்டு ஆண்டும் யாரையாவது நம்பி நிற்பதைவிட அது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பயிற்சி மாணவர் ஊழியர் அல்லர். ஆகவே ஊழியர்களுக்கு உள்ளதுபோன்ற பேறுகால விடுப்பு அவருக்கு இல்லை. இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசிப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு சலுகை உண்டு: சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குள் படிப்பை முடிக்கலாம். ஓராண்டு இடைவெளி விழுந்தாலும் எல்லாம் போய்விடாது. ஆனால் அந்த ஓராண்டு ஒரு தடவைதான் கிடைக்கும்.

மாலை நேரமும் ஓய்வல்ல. பாடக்குறிப்பு எழுத வேண்டும், அட்டையும் சார்ட்டும் வெட்டி ஒட்டிக் கற்றல் கருவி செய்ய வேண்டும், ஒப்படைப்பு எழுத வேண்டும். நாளை நடத்தும் பாடத்துக்கு இன்று இரவு குறிப்பு எழுதி வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்காமல் வகுப்புக்குள் போக முடியாது. இரவு எட்டு மணிக்குக் குழந்தைகளைத் தூங்க வைத்தபின் இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்காரும் பழக்கம் உங்கள் வீட்டில் சாத்தியமா என்பதை ஒரு மாதம் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். சேர்க்கைக் கட்டணம் கட்டியபின் சோதிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அந்த உழைப்புக்குப் பின்னால் இருக்கும் வகுப்பறையும் தெரிந்திருக்க வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கணிசமானவை ஈராசிரியர் பள்ளிகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். 2022-23 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்க, ஒரு கூட்டம் எழுத்தை அடையாளம் காணும், இன்னொரு கூட்டம் சொல்லைப் படிக்கும், மூன்றாவது கூட்டம் வாக்கியம் எழுதும். மூன்றையும் ஒருவரே நடத்த வேண்டும். இதில் மனநிறைவு காண்பவர்களுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. ஒரு பிள்ளை மொட்டிலிருந்து மலருக்கு நகர்வதைக் கண்ணால் பார்ப்பது பெரிய வகுப்புகளில் கிடைக்காத சந்தோஷம். ஆனால் நாள் முழுக்க இருபத்தைந்து குழந்தைகளோடு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து சொந்தப் பிள்ளைகளிடம் பேசத் தொண்டையும் பொறுமையும் மிஞ்சுமா என்பது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. "லீவு ஒத்துப்போகும்" என்பது உண்மைதான். தினசரி சக்தி ஒத்துப்போகுமா என்று யாரும் கேட்பதில்லை.

பி.எட். பக்கம் வருவோம். அதற்குப் பட்டம் வேண்டும், அந்தப் பட்டமும் பள்ளிப் பாடத்தோடு பொருந்த வேண்டும். வணிகவியல், பொருளியல், மனையியல், அரசியல் அறிவியல் போன்றவற்றுக்கு இளநிலை போதாது, முதுகலையும் கேட்பார்கள். வருகை விதி டி.எல்.எட். மாதிரியே. வீட்டில் இருந்தபடி தபால் வழியில் பி.எட். முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே பலரை ஏமாற்றுகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் தொலைநிலை பி.எட். புதியவர்களுக்கானதல்ல. ஏற்கனவே நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கும்தான் அது. இதையே திருப்பிப் பார்த்தால் டி.எல்.எட்.டுக்குச் சாதகமான ஒரு வழி தெரியும்: முதலில் நேரடி டி.எல்.எட்., பிறகு பிள்ளைகள் வளர்ந்தபின் தொலைநிலை பி.எட். பட்டம் கையில் இருப்பவருக்கு இந்த வரிசை இரண்டு கதவையும் திறந்து வைக்கும். மறுபக்கமாக, முதலில் பி.எட். முடித்துவிட்டுப் பிறகு வீட்டிலிருந்தே டி.எல்.எட். என்ற வழி இல்லை.

சம்பளத்தில் பி.எட். மேல். அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியரின் (டி.எல்.எட். முடித்துத் தொடக்க வகுப்பு நடத்துபவர்) தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு (பி.எட். முடித்தவர்) 36,400. அகவிலைப்படி 58 விழுக்காடு என்று வைத்தால் இடைநிலை ஆசிரியருக்கு அது 11,948 ரூபாய், ஆக வீட்டு வாடகைப்படி நீங்கலாக 32,548. 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு இணையாகச் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுவதற்கு இந்த அடிப்படை ஊதியம்தான் காரணம். சின்ன வகுப்பு என்றால் சின்னச் சம்பளம் என்ற எண்ணம் அநியாயமானது. முதல் வகுப்பில் வாசிக்கக் கற்காத பிள்ளையை எட்டாம் வகுப்பு ஆசிரியரால் மீட்பது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முடிவெடுக்கும்போது இன்றைய ஊதியத்தை வைத்துத்தான் கணக்குப் போட முடியும்.

படிப்பு முடிந்த பிறகு தொடங்குவது காத்திருப்பு. இதற்குக் கால அளவு கிடையாது. தொடக்க வகுப்புகளுக்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள்: குழந்தை மேம்பாடு, தமிழ் அல்லது வேறு மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30 ஆக 150 கேள்வி. பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90, மற்றவர்களுக்குத் தளர்வு. 2021 முதல் இந்தச் சான்று ஆயுள் முழுவதும் செல்லும். அம்மாக்களுக்கு இது பெரிய நிம்மதி, ஒரு தடவை தேறினால் போதும். ஆனால் தமிழ்நாட்டில் தேர்வு வந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 2012, 2013, 2017, 2019, 2022, 2025. டெட் தேறினாலும் வேலை உறுதியில்லை. 2018ஆம் ஆண்டு அரசாணை 149இன்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியர்களுக்கு அப்படி 2024 பிப்ரவரியில் 1,768 இடத்துக்கு அறிவிப்பு வந்தது, பின்னர் ஆயிரம் கூடி 2,768 ஆனது, தேர்வு ஜூலை 21 அன்று நடந்தது. அதற்கு முன் ஏறக்குறைய பத்தாண்டு நேரடி நியமனமே இல்லை. 2014இல் தொட்டிலில் இருந்த குழந்தை அந்த இடைவெளியில் நடுநிலைப் பள்ளிக்கே வந்துவிட்டது.

ஆகவே எங்கள் ஒப்பீடு முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: பயிற்சிக்கும் நியமனத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன செய்வீர்கள்? அந்த ஆண்டுகளில் தனியார் பள்ளியில் கிடைக்கும் சம்பளம் உங்கள் வீட்டுக்குப் போதுமென்றால் டி.எல்.எட். நல்ல முடிவு. அரசு வேலை கிடைத்தால்தான் எல்லாம் சரியாகும் என்ற நிலையில் இருந்தால், கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம்.

ஓர் உதாரணக் கணக்கு. இப்போது ஓர் அலுவலகத்திலோ கடையிலோ மாதம் 12,000 சம்பாதிப்பவர் வேலையை விட்டால் இரண்டு ஆண்டில் இழப்பது 2,88,000 ரூபாய். பயிற்சி முடித்துத் தனியார் பள்ளியில் 15,000 கிடைக்கிறது என்று வையுங்கள். மாதம் 3,000 கூடுதல். இழந்ததை மீட்க 96 மாதம், எட்டு ஆண்டு. கட்டணம், பேருந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குத் தரும் பணம், சார்ட், அட்டை, பயிற்சிப் பள்ளிச் சீருடைப் புடவை எதுவும் இதில் சேரவில்லை. இப்போது வருமானம் இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும், அவருக்கு இழப்பு என்பது கட்டணமும் பராமரிப்புச் செலவும் மட்டுமே. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாக வந்த முடிவு உங்களுக்கு வராமல் போகலாம். கட்டணத்தைக் குறைக்க முதல் வழி, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். தனியாரோடு ஒப்பிட அங்கே செலவு மிகக் குறைவு. உங்கள் மாவட்டத்தில் டி.எல்.எட். வகுப்பு நடக்கிறதா, வீட்டிலிருந்து எத்தனை பேருந்து மாற வேண்டும் என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர்கள் டி.எல்.எட்.டையும் தமிழ்வழியிலேயே படியுங்கள். அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்குத் தொடக்கம் முதல் கடைசித் தகுதிவரை முழுக்கத் தமிழ்வழி இருக்க வேண்டும். நடுவில் ஒரு படிப்பு ஆங்கில வழியானால் அந்த உரிமை போய்விடும்.

"வகுப்புக்கே வர வேண்டாம், சான்றிதழ் கைக்கு வந்துவிடும்" என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். நிறுவனத்துக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு நடப்பில் உள்ளதா என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

தனியார் பள்ளிக்கு நேராகப் போவது மூன்றாவது வழி. மாண்டிசோரி, முன்பருவக் கல்விப் பயிற்சி என்று ஆறு மாதம், ஓராண்டு வகுப்புகள் மாலையிலும் நடக்கின்றன. எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு அவை உதவும். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புக்கு அவை சட்டப்படியான தகுதி அல்ல. பள்ளி இன்று கண்டுகொள்ளாமல் இருக்கலாம், ஆனால் ஆய்வு வந்தால் முதலில் வேலை இழப்பவர் தகுதியில்லாதவர்தான். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கே டெட் கட்டாயம் என்று சொல்லிவிட்ட பிறகு இந்தப் போக்கு இறுகத்தான் செய்யும். தனியார் வழியில் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு: பல பள்ளிகள் ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. இரண்டு பிள்ளைகளுக்கு அந்தச் சலுகையையும் சேர்த்துச் சம்பளத்தைக் கணக்கிடுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் நகல் மட்டும் கொடுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியச் சான்று சரிபார்ப்புக்கு அசல் வேண்டும், கல்வியாண்டு நடுவில் பள்ளி அதைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் ஒரு நல்ல வாய்ப்பு கைநழுவும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளை நோக்குபவர்கள் டி.எல்.எட்.டோடு, மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டின் முதல் தாளையும் எழுதிவிட வேண்டும். பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை வருவதால் மாநில டெட் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பாடப்பரப்பும் பெரிதும் ஒன்றே. கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 35,400. ஆனால் நாடு முழுவதும் மாற்றலாகும் வேலை அது, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில் ஒருமுறை பேசிவிட்டு விண்ணப்பிக்கவும்.

எதையும் தொடங்குமுன் மூன்று மாதம் வகுப்பறையைத் தொட்டுப் பார்க்க வழி தேடுங்கள். 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற தன்னார்வலர் திட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ போதுமானதாக இருந்தது, மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். உங்கள் குடியிருப்பில் மையம் இன்னும் நடந்தால் கேளுங்கள். இல்லையென்றால் தெருவில் உள்ள ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வையுங்கள், எல்லோரும் ஒரே வகுப்பாக இருக்க வேண்டாம். வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை அதில் கட்டாயம் இருக்கட்டும். நான்கு வாரம் அந்தப் பிள்ளையோடு "க, கா, கி"யில் நின்றபிறகும் நாளைக்கு வேறு எப்படிச் சொல்லலாம் என்று மனம் தேடினால் டி.எல்.எட். உங்கள் படிப்பு. பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் நேரம் போவது தெரியவில்லை என்றால் பி.எட்.டைப் பாருங்கள்.

பிள்ளைகளின் வயதைக் கொண்டு எங்கள் கருத்தைச் சொன்னால்: கைக்குழந்தையோ இரண்டு வயதுக்குள் பிள்ளையோ இருந்து, சேர்க்கை வயது வரம்புக்கு இன்னும் ஈராண்டு இருந்தால், பொறுங்கள், அதற்குள் டெட் பாடநூல்களை மெல்லப் படியுங்கள். வரம்பு அடுத்த ஆண்டே முடிகிறது என்றால், பகலில் பார்த்துக்கொள்ள உறுதியான ஓர் ஆள் இருக்கும்பட்சத்தில் இப்போதே சேருங்கள், இல்லையேல் பி.எட்.டைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இரு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டால், அதே நேரம் பயிற்சி நிறுவனம் ஒரே பேருந்து தூரத்தில் இருந்தால், இதைவிடத் தோதான காலம் வராது. வரம்பு கடந்தவர்கள் டி.எல்.எட்.டுக்காக வருந்தி நிற்க வேண்டாம். ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள், பட்டதாரி ஆசிரியராகப் போய் அவர்களோடு தொடங்கலாம்.